அரிச்சல்முனையில் நின்றேன், பில் இலங்கைக் கணக்கில் வந்தது

ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில் வேன் ஓட்டுகிறேன். சொந்த வண்டிதான், கடன் இன்னும் பாதி பாக்கி இருக்கிறது. ராமேஸ்வரம் வருகிறவர்களைக் கோயில், அக்னி தீர்த்தம், தனுஷ்கோடி என்று அழைத்துப் போவது என் பிழைப்பு. 2024 மார்ச் முதல் வாரம், காலையில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் பில் எஸ்எம்எஸ் வந்தது. மாதா மாதம் ஐந்நூறு ரூபாய்க்குள் வருகிற பில். அன்றைக்கு 27,360 என்று இருந்தது. நடுவில் புள்ளி விட்டுப்போயிருக்கும், 273 ரூபாய் 60 காசாக இருக்கும் என்று நினைத்து வாளியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். புள்ளி எதுவும் விட்டுப்போகவில்லை.

அடுத்த ஒன்றரை மாதம் நான் பட்ட பாட்டை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், இந்தத் தீவில் என் மாதிரி இலங்கையில் சொந்தபந்தம் உள்ளவர்கள் நிறையப் பேர் போய்வரத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு ஆள் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இது நடந்திருக்காது.

முதலில் இருந்து சொல்கிறேன். என் அம்மாவுக்குச் சொந்த ஊர் மன்னார் தீவில் இருக்கிற பேசாலை. 1990ல் சண்டை மறுபடி தொடங்கியபோது படகேறி வந்து, தனுஷ்கோடியின் நுனியில் இருக்கிற அரிச்சல்முனை மணலில் இறங்கியவர். மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் என் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். கூடப் பிறந்த அண்ணன், என் மாமா, அந்தப் பக்கமே இருந்துவிட்டார். எனக்கு விவரம் தெரிந்த நாளில் மாமா என்றால் ஐஎஸ்டி பூத்தில் ஓடுகிற சிவப்பு எண்கள்தான். அம்மா நூறு ரூபாயைக் கையில் சுருட்டிக்கொண்டு மண்டபத்தில் பூத்துக்குள் நிற்பார். அங்கே கோயில் வீட்டுக்குப் போன் போட்டு, ஆள் அனுப்பி மாமாவைக் கூட்டி வரச் சொல்லிவிட்டு, கால் மணி கழித்து மறுபடி அடிக்க வேண்டும். மாமா "ஹலோ" என்றதும் பாதி நேரம் அழுகையில் போய்விடும். மீட்டர் நூறை நெருங்கினால் பேச்சு எந்த இடத்தில் இருந்தாலும் அம்மா போனை வைத்துவிடுவார். தாத்தா இறந்த செய்தி கடிதத்தில்தான் வந்தது, அடக்கம் முடிந்து 27 நாள் கழித்து.

2023 ஆகஸ்டில் மடு மாதா திருவிழாவுக்கு நான் போனேன். அம்மாவுக்கு மூட்டுவலி, பயணம் தாங்காது. "நீ போய் வீட்டைப் போன்ல காட்டு, அது போதும்" என்றார். சென்னையில் இருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு விமானம், அங்கிருந்து பூநகரி வழியாக மன்னாருக்கு பஸ். போகிற வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே போனேன். ஆள் நடமாட்டம் குறைந்த வெட்டவெளியில்கூட சிவப்பு வெள்ளை அடித்த டவர்கள் நின்றன. பக்கத்தில் இருந்தவர் கையில் இருந்த போனில் வீடியோ தடங்கலில்லாமல் ஓடியது.

மாமா அன்று இரவு சொன்னதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். தெற்காசியாவிலேயே முதலில் மொபைல் சேவை வந்தது இலங்கையில்தான், 1989ல். 3ஜியும் இந்தியாவுக்கு முன்பாகவே 2006ல் கொழும்புக்கு வந்துவிட்டது. ஆனால் அதே 2006ல்தான் சண்டை திரும்பத் தொடங்கி, யாழ்ப்பாணத்துப் பக்கம் மாதக்கணக்கில் மொபைலே வேலை செய்யாமல் கிடந்தது. ஒரே நாடு, ஒரே வருடம். மாமா வீட்டுக்கு முதலில் வந்தது சிடிஎம்ஏ போன். பார்க்க வீட்டுப் போன் மாதிரி இருக்கும், ஆனால் கம்பி கிடையாது. சிக்னல் கிடைக்க ஒரு பனங்கம்பில் ஏரியலைக் கட்டிக் கூரைக்கு மேலே நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கம்பு இன்னும் கொல்லையில் சாய்த்து வைத்திருக்கிறது, மாமி அதில் துணி காயப்போடுகிறார். 2009ல் போர் முடிந்த பிறகு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வடக்கே டவர் நட்டன. 4ஜி வந்தது. இப்போது மாமா வீட்டு ஜன்னலில் ஒரு சின்ன வெள்ளை ரவுட்டர் மினுக்கிக்கொண்டிருக்கிறது. "மருமகன், அப்ப ஒரு கடிதம் வாறதுக்கே ஆள் தேடோணும். இப்ப பாருங்கோ, கடலுக்குள்ள வள்ளத்தில நிண்டுகொண்டே கதைக்கிறம்" என்றார். அவர் சொன்னபோது எனக்கு மனசு நிறைந்துபோனது. அந்த டவர் எட்டுகிற கடலின் இந்தப் பக்க ஓரத்தில்தான் நான் தினமும் வண்டி ஓட்டுகிறேன் என்பது அப்போது தோன்றவில்லை.

போவதற்கு முன்னால் என் போஸ்ட்பெய்டு நம்பரில் வெளிநாட்டு ரோமிங்கை, அதாவது அந்த நாட்டு டவரில் நம் நம்பரே வேலை செய்கிற வசதியைத் திறந்து, பத்து நாள் பேக் ஒன்று போட்டிருந்தேன். பேங்க் ஓடிபி வர வேண்டும், அம்மாவுக்கு வீடியோவில் வீட்டைக் காட்ட வேண்டும். அப்போது கடைக்காரப் பையன் "கிரெடிட் லிமிட்டைக் கூட்டி வச்சுக்கங்க அண்ணே, நடுவுல கட் ஆயிரும்" என்றான். கூட்டினேன். பத்து நாளில் திரும்பி வந்துவிட்டேன், பேக்கும் முடிந்தது. அதோடு ரோமிங்கும் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். என் தவறு அங்கேதான். பேக் என்பது சலுகை விலை மட்டும். அது முடிந்தாலும் ரோமிங் என்கிற கதவு திறந்தேதான் இருக்கும், நாமாகப் போய் மூடச் சொல்லும்வரை. அதன் பிறகு அந்தக் கதவு வழியாகப் போகிற ஒவ்வொரு எம்பிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் முழு விலை. இதைப் படிக்கிற யாராவது போன வருடம் கொழும்போ யாழ்ப்பாணமோ போய்வந்திருந்தால், மீதியைப் படிப்பதற்கு முன்னால் கம்பெனியின் ஆப்பைத் திறந்து வெளிநாட்டு ரோமிங் என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். மூடிவிட்டு, மூடியதாக வருகிற எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் லிமிட்டையும் பழைய அளவுக்கு இறக்கிவிடுங்கள். நான் அதை இறக்கியிருந்தால் பில் இரண்டாயிரத்தைத் தாண்டியிருக்காது.

2024 பிப்ரவரி, தை அமாவாசை நேரம். பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றதிலிருந்து தீவுக்கு வெளியிலேயே இறங்கி ரோட்டில் வந்தவர்கள் அப்போது அதிகம், எனக்கும் நல்ல ஓட்டம். ஒரே வாரத்தில் நான்கு தடவை அரிச்சல்முனை போனேன். 2017ல் முனை வரைக்கும் சாலை வந்த பிறகு தனுஷ்கோடி பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. ஒரு பக்கம் ஆண்கடல், இன்னொரு பக்கம் பெண்கடல், நடுவில் அந்தச் சாலை. வண்டியை நிறுத்திவிட்டு நான் நிழலுக்குள் உட்கார்ந்திருப்பேன், போன் டேஷ்போர்டில் கிடக்கும், டேட்டா எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு குடும்பத்துப் பையன் கார்ட்டூன் பார்க்க ஹாட்ஸ்பாட் கேட்டான், கொடுத்தேன். சிக்னல் நன்றாகவே இருந்தது. இவ்வளவு நன்றாக இங்கே எப்படி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முனையில் இருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். பழைய 2ஜி முறையிலேயே ஒரு டவர் 35 கிலோமீட்டர் வரை எட்டும். நடுவில் மரமோ கட்டடமோ இல்லை, வெறும் தண்ணீர். வெயில் அடித்துக் காற்று அடங்கிக் கடல் அசையாமல் கிடக்கிற நாளில் சிக்னல் இன்னும் தூரம் போகும் என்று மீன்பிடிக்கிற நண்பர்கள் சொல்வார்கள், அது உண்மைதான். நம் பக்கத்து டவர் முனைக்குப் போகப்போக இளைத்துக்கொண்டே வரும். ரோமிங் திறந்திருக்கிற போன், சொந்தக் கம்பெனி டவர் அற்றுப்போனதும் அடுத்து எது கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, நான் பில்லைப் பார்த்துத் தெரிந்துகொண்டது: வெளிநாட்டு டவரை ஒரு தடவை பிடித்துவிட்டால், நம் ஊர் சிக்னல் கிடைக்கிற இடத்துக்குத் திரும்பி வந்த பிறகும் அந்த டவர் கொஞ்சமாவது எட்டுகிறவரை போன் அதை எளிதில் விடாது. திரும்பும் வழியில் வந்த அழைப்புகளும் இலங்கைக் கணக்கிலேயே இருந்தன.

கடிகாரம் காட்டிக் கொடுக்கும் என்று நினைக்காதீர்கள். வேறு நாட்டு டவரைப் பிடித்தால் போனில் நேரம் மாறும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். இலங்கை 2006 ஏப்ரலில் இந்திய நேரத்துக்கே திரும்பிவிட்டது. ஒரு நிமிடம்கூட மாறாது. பார்க்க வேண்டியது இரண்டே இடம். சிக்னல் கோடுகளுக்குப் பக்கத்தில் சின்னதாக 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து, அப்புறம் திரையை மேலிருந்து இழுத்தால் தெரிகிற கம்பெனி பெயர். இரண்டு சிம் போட்டவர்கள் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். "இலங்கைக்கு வரவேற்கிறோம்" என்று எஸ்எம்எஸ்ஸும் வந்திருந்தது. இங்கே எல்லோருக்கும் அது எப்போதாவது வரும், சுற்றுலா வருகிறவர்கள் அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள். விளம்பரம் மாதிரி தள்ளிவிட்டேன். கிரெடிட் லிமிட்டில் இத்தனை சதவீதம் செலவாகிவிட்டது என்ற எச்சரிக்கையும் அதற்குக் கீழே இருந்தது. முப்பது லோன் விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்ததை மார்ச்சில்தான் படித்தேன்.

விவரமான பில்லைக் கேட்டு வாங்கினேன். பெரும்பகுதி டேட்டா. மீதி எல்லாம் எனக்கு வந்த அழைப்புகள். ரோமிங்கில் வருகிற அழைப்புக்கும் காசு என்பதை மறந்திருந்தேன். "எங்க அண்ணே நிக்கிறீங்க", "இன்னும் பத்து நிமிஷம்" என்று பயணிகள் பேசியது எல்லாம் வரிசையாக இருந்தது. அதில் ஒரு வரியை மட்டும் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாம்பனில் இருந்து என் தம்பி டீசல் பணம் பற்றிப் பேசிய 4 நிமிடம், அதற்கு 300 ரூபாய். அவன் பாம்பனில், நான் முனையில். அந்தப் பேச்சு இலங்கைக்குப் போய், அந்த டவர் வழியாகக் கடல் தாண்டித் திரும்பி என் காதுக்கு வந்திருக்கிறது. பூத்தில் நூறு ரூபாயோடு நின்ற அம்மா ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது.

கம்பெனியின் புகார் நம்பரான 198க்குப் போன் போட்டேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினார். "சார், நீங்க இலங்கையில யூஸ் பண்ணியிருக்கீங்க." "நான் தங்கச்சிமடத்துல இருக்கேம்மா." "சிஸ்டத்துல இலங்கைன்னு காட்டுது சார்." இதையே மூன்று தடவை பேசினோம். புகார் எண் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் புகார் முடிக்கப்பட்டது, பில் சரி என்று எஸ்எம்எஸ். ராமநாதபுரத்தில் கம்பெனிக் கடைக்குப் போனேன், "முதல்ல கட்டுங்க, அப்புறம் பார்ப்போம்" என்றார்கள். கட்டாததால் அடுத்த வாரம் வெளியே பேசுவதை நிறுத்திவிட்டார்கள். வண்டிக்காரனுக்குப் போனை நிறுத்தினால் கையைக் கட்டிப்போட்ட மாதிரி. அந்த நம்பர்தான் வண்டிக் கண்ணாடியில் எழுதியிருக்கிறது, லாட்ஜ்காரர்களிடம் இருப்பதும் அதுதான். புதுப் போனில் யுபிஐ போடலாம் என்றால் அதற்கு சிம்மில் இருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும், போகாது. வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால் பாக்கி இருக்கிறவரை நம்பரை மாற்றித் தர மாட்டார்கள். வாரக்கணக்கில் இப்படிப் போனது, ஆறு சவாரி கைவிட்டுப் போனது. தொழிலுக்கு ஒரு நம்பர், பேங்குக்கு ஒரு நம்பர் என்று பிரித்து வைத்திருந்தால் பாதித் தலைவலி இருந்திருக்காது. இப்போது பேங்கை ஒரு பிரீபெய்டு நம்பரில் வைத்திருக்கிறேன்.

வீட்டில் சொல்லவில்லை. மனைவி அப்போது ஏழாம் மாதம். அம்மாவிடம் சொன்னால் "என்னால்தானே" என்று உட்கார்ந்துவிடுவார். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவரிடம் மட்டும் மேலோட்டமாகச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "இலங்கை டவர்ல பேசுனேன்னு வெளிய சொல்லாதடா, யாராவது வேற மாதிரி எடுத்துக்குவாங்க" என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். இந்தக் கரையில் வளர்ந்தவனுக்கு அந்தப் பயம் என்ன என்று தெரியும். அதற்கப்புறம் இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை, வாசலில் பைக் நின்றால் எழுந்து பார்ப்பேன். இப்போது யோசித்தால் பயப்பட ஒன்றுமே இல்லை. டவர் தானாகப் பிடிப்பது குற்றம் கிடையாது. முனைக்கு வருகிற எத்தனையோ பேர் போனுக்கும் அது நடக்கிறது. அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்தான் எனக்கு நாள் வீணானது.

வழி திறந்தது ஒரு பயணியால். மதுரைக்காரர், வக்கீல் அலுவலகத்தில் வேலை. புகாரை முடித்துவிட்டார்கள் என்றால் விஷயம் முடிந்துவிடவில்லை, ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி அது என்றார். முதல் பதில் கிடைத்து 30 நாளுக்குள் போட வேண்டும், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். புகார் எண் இல்லாமல் இது நடக்காது, அதனால் முதல் போனிலேயே அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் எவ்வளவு கத்தினாலும் காகிதத்தில் ஒரு வரியாகாது.

நான் இந்தியாவில்தான் இருந்தேன் என்பதை எப்படிக் காட்டுவது? அதற்கு என் பாஸ்போர்ட்டே போதும் என்று எனக்குத் தோன்றியது. கடைசி முத்திரை 2023 ஆகஸ்டில் சென்னையில் இறங்கியபோது குத்தியது. அதற்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்தேன். முனையில் பயணிகளோடு எடுத்த போட்டோக்கள், தேதியும் இடமும் தெரிகிற மாதிரி. ராமேஸ்வரத்தில் டீசல் போட்ட பில்கள். என் ட்ரிப் நோட்டில் அந்த நான்கு நாள் பக்கங்கள். பில்லில் எந்த நிமிடம் எந்த அழைப்பு என்பதையும் நோட்டில் எந்த நேரம் எங்கே நின்றேன் என்பதையும் எதிரெதிரே ஒரு தாளில் எழுதினேன். அதை எழுத ஒரு ராத்திரி முழுக்க ஆனது. சண்டை போடுகிற வார்த்தை ஒன்றுகூட எழுதவில்லை.

இவற்றோடு மேல்முறையீடு போட்டேன், 34ஆம் நாள் பதில் வந்தது. 18,500 ரூபாயைக் கழித்துவிட்டார்கள், 8,860 கட்ட வேண்டும். முழுவதும் கழித்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் வேன் தவணை தேதி நெருங்கியிருந்தது, மோதிரத்தை அடகு வைத்துக் கட்டிவிட்டேன். போன சவாரி, ராமநாதபுரம் போய்வந்த நான்கு தடவை, எல்லாம் சேர்த்து என் கையை விட்டுப் போனது இருபத்தைந்தாயிரத்துக்குக் குறையாது.

முனைக்கு வருகிறவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ரோமிங் திறக்காத பிரீபெய்டு என்றால் பில் பயம் இல்லை. மற்றவர்கள் தனுஷ்கோடி பழைய சர்ச் தாண்டும்போதே ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள், கேமரா வேலை செய்யும். போன் வந்தே ஆக வேண்டும் என்றால் செட்டிங்ஸில் டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க் தேர்வில் 'ஆட்டோமேட்டிக்' என்பதை எடுத்துவிட்டு உங்கள் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஊருக்குத் திரும்பியதும் மறக்காமல் ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுங்கள். கடலுக்குப் போகிற தம்பிகளுக்கு இன்னொன்று. அந்த டவரைப் பிடித்திருக்கும்போது 112 அடித்தால் அந்த நாட்டு அவசர சேவைக்குத்தான் போகும், நம் கடலோரக் காவல்படையின் 1554 கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. படகில் பேசுகிற விஎச்எஃப் ரேடியோ செட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனை நம்பிப் போகாதீர்கள்.

குழந்தை பிறந்து அம்மாவுக்கும் கால் கொஞ்சம் தேறிய பிறகு, ஒரு நாள் சாயங்காலம் எல்லோரையும் முனைக்குக் கூட்டிப் போனேன். அப்போதுதான் பில் கதையை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த டவர் இப்பவும் இதுல தெரியுதா?" என்று கேட்டார். ரோமிங் மூடியிருந்தது, பயமில்லை. நெட்வொர்க் பட்டியலைத் தேடவிட்டேன். ஒரு நிமிடம் சுற்றிவிட்டு நம் ஊர் பெயர் ஒன்று வந்தது, அதற்குக் கீழே அந்தப் பக்கத்துப் பெயர்கள் இரண்டு. அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பேரனை மடியில் நகர்த்தி வைத்துவிட்டு, அந்த இரண்டு பெயரையும் விரலால் தொடாமல் படித்தார். வீட்டுக்கு வந்ததும் வைஃபையில் மாமாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள்.